கொடுக்கான்பட்டியின் பங்குக்கு வந்த ஒருத்தர்

கொடுக்கான்பட்டியில் மொத்தம் இருநூறு தலை. ஒன்று கூடாது, ஒன்று குறையாது. அந்த ஊரில் சண்டையில்லாமல் எல்லாரும் ஒத்துக்கொண்ட ஒரே விஷயம் அதுதான்.

ஒரு திங்கட்கிழமை நர்ஸம்மா ரெஜினாள் வந்து ரேஷன் கடை வாசலில் எல்லாரையும் உட்காரவைத்துப் பேசினார்.

"ஹெபடைடிஸ் சி-ன்னு ஒரு நோய். ரத்தத்து வழியாப் பரவும், ஈரலைக் கெடுக்கும். தோராயமா இருநூறு பேருக்கு ஒருத்தருக்கு இருக்கும்னு வச்சுக்கோங்க. நிறையப் பேருக்கு வருசக்கணக்கா ஒரு அறிகுறியும் தெரியாது. வெள்ளிக்கிழமை எல்லாரும் ரத்தம் கொடுத்துப் பாத்துருங்க. இருந்தாலும் மாத்திரை தின்னா பெரும்பாலும் குணமாயிரும்."

சொல்லிவிட்டு ஸ்கூட்டரில் போய்விட்டார். ஊர் அப்படியே உட்கார்ந்திருந்தது.

"இருநூறு பேருக்கு ஒருத்தர்," என்றார் ஊர்த்தலைவர் நல்லபெருமாள். "நாம இருநூறு பேர்."

"அப்போ ஒருத்தன்," என்றான் தருமராசு. ஏழாம் வகுப்பை மூன்று தடவை படித்தவன் என்பதால் ஊர்க் கணக்கெல்லாம் அவன் பொறுப்பு.

"தோராயமான்னுதானே சொன்னாங்க," என்று இழுத்தான் கிணறு வெட்டுகிற வெயிலுகந்தான்.

"தோராயமா ஒருத்தன்னா எப்படிடே? இடுப்பு வரைக்குமா?" என்று மடக்கினான் தருமராசு.



அந்த ஒருத்தன் யார் என்று விசாரணை தொடங்கியது. நோய் இருக்கிறவனுக்கு அறிகுறி தெரியாது. ஆகவே அறிகுறி இருக்கிறவனுக்கு நோய் இல்லை. தருமராசு இதைச் சொன்னதும் இருமிக்கொண்டிருந்த தையல்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். மூட்டுவலிக்காரர்கள் தனியே கூடி, மற்றவர்களைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். சற்று நேரத்தில் ரேஷன் கடை வாசல் முழுக்க முக்கலும் முனகலும்தான். இரண்டு மாதக் குழந்தைகூட வீறிட்டு அழுது தப்பித்துக்கொண்டது.

கடைசியில் மிஞ்சியவன் வெயிலுகந்தான். பிறந்து முப்பது வருஷத்தில் ஒரு தும்மல் போட்டதில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை தலைவர் மகள் செல்லக்கிளியோடு அவனுக்குக் கல்யாணம்.

"மாமா, எனக்கு ஒண்ணுமே இல்லையே."

"அதைத்தான் மாப்ள நாங்களும் சொல்றோம். ஒரு தலைவலிகூட இல்லாத ஆளுக்கு எப்படிப் பொண்ணைக் கொடுக்கிறது?"

வெயிலுகந்தான் உடம்பைக் கெடுத்துக்கொள்ள முழுமூச்சாக இறங்கினான். இருபது மாங்காய் தின்றான், நன்றாகச் செரித்தது. காலையிலிருந்து சாயங்காலம் வரை கிணற்றுத் தண்ணீரில் கிடந்தான். ஏறி வந்து பதினாலு இட்லி சாப்பிட்டான். செல்லக்கிளி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "எனக்காக ஒரே ஒரு தும்மல் போடக்கூடாதா?" என்று கண்கலங்கினாள். மூக்குப்பொடி வாங்கி உறிஞ்சினான். மூக்கு அசையவில்லை. தன் இரண்டு கைகளையும் அவன் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். இரும்பு மாதிரி இருந்தன. அழுகை வந்தது.

வெள்ளிக்கிழமை ஊரே ரத்தம் கொடுத்தது. "இருநூறு பேருக்கும் இல்லை. சந்தோசமாப் போங்க," என்றார் நர்ஸம்மா.

யாரும் போகவில்லை.

"அப்போ எங்க ஆள் எங்கே?" என்றார் நல்லபெருமாள்.

"எந்த ஆளு?"

"இருநூறுக்கு ஒருத்தர்."

"ஐயா, அது மொத்த ஜனத்தையும் சேர்த்துச் சொல்றது. ஒரு ஊர்ல ஒருத்தருமே இருக்கமாட்டாங்க, ஒரு ஊர்ல ரெண்டு பேர் இருப்பாங்க."

"பாத்தீங்களா," என்றான் தருமராசு. "எவனோ நம்ம ஆளையும் சேர்த்து எடுத்துக்கிட்டான்."

யாரென்று தேடவேண்டிய அவசியமே இருக்கவில்லை. பக்கத்து ஊரான மேலப்பொட்டலில் சவரிமுத்து என்று ஒரு லாரி டிரைவர், தனக்கும் கிளீனருக்கும் அந்த நோய் இருப்பதை டீக்கடையில் தானே எல்லாருக்கும் சொல்லிக்கொண்டிருந்தார்.

தலைவர் வெயிலுகந்தான் தோளில் கைவைத்தார். "இடம் காலியா இருக்கிற வரைக்கும் அது உன் தலையிலதான் மாப்ள. போய் நம்ம ஆளைக் கூட்டிட்டு வா. இல்லேன்னா கல்யாணம் இல்லை."

சனிக்கிழமை காலை அவன் டீக்கடையில் போய் நின்றான். "அண்ணாச்சி, நீங்க எங்க ஊர்க்காரர்."

"நான் பொறந்ததே இங்கதாம்லே."

"பொறந்தது இங்க. நோய் எங்களது."

சவரிமுத்து யோசித்தார். "சாப்பாடு உண்டா?"

"மூணு வேளையும். நாளைக்குக் கல்யாணச் சாப்பாடு."

சவரிமுத்து துண்டையும் மாத்திரையையும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

கல்யாணம் ஜாம்ஜாமென்று நடந்தது. முதல் பந்தியில் முதல் இலை சவரிமுத்துவுக்கு. போகிறவர் வருகிறவரெல்லாம் குனிந்து, "இருக்குல்லா?" என்று கேட்டார்கள். "இருக்கு, இருக்கு," என்றார் அவர். இப்போது இருநூற்றொரு பேர் ஆகிறதே என்று யாரோ கேட்டதற்கு, "நோயாளி ஆள் கணக்கில் வரமாட்டார்," என்று தருமராசு தீர்ப்புச் சொல்லிவிட்டான்.

ஆறு மாதம் கழித்து நர்ஸம்மா சிரித்த முகத்தோடு ஒரு தாளை நீட்டினார். சவரிமுத்துவுக்கு முழுசாகக் குணமாகிவிட்டது. குணமான ஆளுக்கு இங்கே சோறு கிடைக்காது என்று தெரிந்து, அவர் அடுத்த பஸ்ஸிலேயே ஏறிவிட்டார்.

நல்லபெருமாள் நேரே மருமகன் வீட்டுக்கு வந்தார். "மாப்ள, இடம் காலியாயிருச்சு. பொண்ணை அனுப்பு."

செல்லக்கிளி மூக்கைச் சிந்திக்கொண்டே சேலைகளை மடித்து வைத்தாள்.

வெயிலுகந்தான் வாழ்க்கையில் முதல் தடவையாக யோசித்தான். "மாமா, அந்த ஒருத்தர் கொடுக்கான்பட்டிக்குள்ளதானே இருக்கணும்?"

"ஆமா."

ஊர் ஒரே தெரு. பஸ் நிற்கிற இடத்திலிருந்து குளம் வரைக்கும். அதில் முதல் வீடு அவனுடையது. கடப்பாரையை எடுத்தான். பட்டப்பகலில், ஊர் எல்லையில் 'கொடுக்கான்பட்டி' என்று எழுதி நின்ற பெயர்ப்பலகையைப் பிடுங்கித் தன் வீட்டைத் தாண்டி நட்டான். நல்லபெருமாள் பலகையை இரண்டு தடவை எழுத்துக்கூட்டிப் படித்தார். மருமகன் வெளியூர்க்காரனாகிவிட்டான். மகளை விட்டுவிட்டுத் திரும்பிப் போனார்.

மறுநாள் இரண்டாவது வீட்டுக்காரர் கடப்பாரை இரவல் கேட்டு வந்தார். அதற்கு மறுநாள் மூன்றாவது வீட்டுக்காரர். பலகை வாசல் வாசலாக நகர்ந்து, கடைசி வீடான தலைவர் வீட்டையும் தாண்டியது. அப்புறம் குளம்தான்.

அடுத்த மாதம் போலியோ சொட்டு மருந்துப் பெட்டியோடு வந்த நர்ஸம்மா, வாசலில் கயிற்றுக்கட்டிலில் கிடந்த நல்லபெருமாளிடம், "கொடுக்கான்பட்டிப் பிள்ளைகளையெல்லாம் வரச்சொல்லுங்க ஐயா," என்றார்.

"கொடுக்கான்பட்டியா?" தலைவர் குளத்து நடுவே தண்ணீருக்கு மேல் தலைநீட்டிய பலகையைக் காட்டினார். "அந்தா தெரியுது பாருங்க. ஆனா போயிராதீங்க நர்ஸம்மா. ஏதோ பொல்லாத நோய் போலிருக்கு. ஊர்ல ஒருத்தர் மிச்சமில்லை."