கடலில் ஒருவர்

ஜெயசீலி டீச்சரிடம் ஒரு கேள்வி கேட்டால் உடனே பதில் வராது. கேட்டவர் கடுப்பாகிப் போய்விடுவார். கஸ்பார் அண்ணாச்சி கேட்ட ஒரு கேள்விக்குப் பதில் வர எட்டு மாதம் ஆயிற்று. அந்தக் கதைதான் இது. நான் கீழே ஐஸ் கம்பெனியில் ஐஸ் அரைக்கிறவன். பாதியைக் கண்ணால் பார்த்தேன். மீதியை அண்ணாச்சியே சொன்னார்.

டீச்சர் என்றால் பள்ளிக்கூட டீச்சர் இல்லை. எங்கள் ஊர் மீனவர் சங்கத்துக்குக் கம்ப்யூட்டர் வேலை பார்க்க வெளியூரிலிருந்து வந்தவர். முப்பத்திரண்டு வயது. ஐஸ் கம்பெனி மாடியில் ஓர் அறை, அதில் அவரும் கம்ப்யூட்டரும்தான். அவரிடம் போய்ப் பாடம் கேட்க உட்கார்ந்த அண்ணாச்சிக்கு வயது ஐம்பத்தேழு. ஊரே சிரித்தது. நானும் சிரித்தேன். வீட்டில் பேச ஆளில்லாத மனுஷன் வேறு எங்கே போவார் என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை.

சங்கத்தில் ஒரு முறை உண்டு. வள்ளம் கடலுக்குப் போனால், கடலுக்குள் நீளும் படகுப் பாலத்தில் இருப்பவர் கம்ப்யூட்டரில் ஒரு வரி பதிவார். யார், எந்த வள்ளம், எங்கே, எப்போது. திரும்பி வந்தால் இன்னொரு வரி. வயர்லெஸ் பழுதானால் அதற்கும் ஒரு வரி. பதிந்த வரியை யாரும் அழிக்கக் கூடாது. தப்பாகப் பதிந்தாலும் அடியில் இன்னொரு வரி போட்டுத்தான் திருத்த வேண்டும். அப்படிப் பதினொரு வருஷத்தில் இரண்டரை லட்சத்துக்கு மேல் சேர்ந்துவிட்டது.

அவ்வளவையும் எந்த மனுஷன் படிப்பான்? டீச்சர் எழுதிய ஒரு ப்ரோக்ராம் படிக்கும். ஒவ்வொரு வரியாகப் படித்து, சுவரில் தொங்கும் திரையில் ஒரு பலகையை நிரப்பும். இப்போது கடலில் யார் யார் இருக்கிறார்கள் என்பது அந்தப் பலகை. போன வரி வந்தால் பெயர் ஏறும். வந்த வரி வந்தால் பெயர் இறங்கும்.

முதல் நாள் இதை எல்லாம் கேட்டுவிட்டு அண்ணாச்சி கேட்டார்.

"ஒரு வரியைக்கூட அழிக்கக் கூடாதுன்னா, பாக்கப் பிடிக்காத வரியை என்ன செய்யுறது டீச்சர்?"

"டீ குடிச்சீங்களா அண்ணாச்சி?" என்றார் டீச்சர்.

அதோடு சரி. அண்ணாச்சி கீழே வந்து என்னிடம் புலம்பினார். "என்னத்தக் கேட்டாலும் டீக்கடைக்கு அனுப்புது இந்தப் பிள்ளை."

எட்டு மாதம் போயிற்று. அண்ணாச்சி நன்றாகத்தான் கற்றுக்கொண்டார். நவம்பரில் ஒரு திங்கட்கிழமை, டீச்சர் வெளியூர் கிளம்பும்போது அவரிடம் ஒரு வேலையை விட்டுப் போனார். பலகையில் ஒரு புதுக் கட்டம் வேண்டும். ஒவ்வொரு வள்ளத்துக்கும் நேராக, அதன் வயர்லெஸ் வேலை செய்கிறதா இல்லையா என்று தெரிய வேண்டும்.

"அதுக்குப் பழைய பலகையை அழிக்கணுமே?"

"தாராளமா அழிங்க. வரிகள் இருக்குல்ல, திரும்பப் படிச்சா புதுப் பலகை வந்துரும்."

அழித்தார். புதுப் பலகை வந்தது. அழகாகவும் இருந்தது. நானே மேலே போய்ப் பார்த்து, "கலக்கிட்டீங்க அண்ணாச்சி" என்றேன்.

வியாழக்கிழமை விடியும்போதே துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றிவிட்டார்கள். சாயங்காலம் புயல் கரையைத் தொடும் என்று சொன்னார்கள். அண்ணாச்சி பலகையைப் பார்த்து ஒவ்வொரு வள்ளமாகப் பெயர் சொல்லி வயர்லெஸ்ஸில் கூப்பிட்டார். முப்பத்தெட்டு வள்ளம். தொண்டை கட்டிப்போயிற்று. ஒன்பது மணிக்குள் அத்தனையும் வந்துவிட்டன. கடைசிப் பெயரும் இறங்கி, பலகையில் "கடலில்: 0" என்று வந்தபோது அவர் கைதட்டியது கீழே எனக்குக் கேட்டது.

வெளியூரிலிருந்து திரும்பிய டீச்சர் நனைந்த குடையோடு படியேறினார். நானும் பின்னாலேயே போனேன்.

"எல்லாரும் வந்தாச்சு டீச்சர். பூச்சியம்!"

டீச்சர் பலகையைப் பார்த்தார்.

"எந்த வரியிலருந்து படிச்சீங்க?"

அண்ணாச்சி தலையைச் சொறிந்தார்.

"திங்கக்கிழமை காலையிலருந்து. முதல்லருந்து படிச்சா அஞ்சு மணி நேரமாகும். அதான். ஆழ்கடலுக்குப் போன ஏழு படகையும் ஞாபகமா நானே கையால சேத்துட்டேன். இந்த ஊர்ல எனக்குத் தெரியாத வள்ளம் உண்டா?"

டீச்சர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இரண்டு தட்டு. பலகை வெறுமையாயிற்று.

"ஐயோ டீச்சர்!"

"முதல் வரியிலருந்து படிக்கட்டும்."

"அஞ்சு மணி நேரம்! சாயங்காலம் புயல். ஒரு மாசத்திலருந்தாவது ஆரம்பிப்போமே, சட்டுன்னு முடியும்."

"ஒரு மாசத்துக்கு முன்னால போய், இன்னும் வராதவங்க யாரும் இல்லைன்னு தெரியுமா?"

"தெரியாது."

"எனக்கும் தெரியாது."

டீச்சர் எழுந்துபோய் ஒலிபெருக்கியின் வயரைப் பிடுங்கினார். புது வரி வந்தால் அந்த ப்ரோக்ராமே பாலத்து ஒலிபெருக்கியில் அறிவித்துவிடும்.

"பழசைப் படிக்கும்போது கரைக்குக் கேக்கக் கூடாது அண்ணாச்சி. பதினொரு வருஷத்துப் புயலையும் இன்னைக்கே அறிவிச்சா ஊர் என்ன ஆகும்?"

"சரி. அது படிக்கட்டும். நான் கீழே போயி ஒரு..."

"உக்காருங்க."

அண்ணாச்சி உட்கார்ந்தார். மணி ஒன்பதே முக்கால்.

திரையின் மேல் மூலையில் தேதி ஓட ஆரம்பித்தது. கீழே பெயர்கள் ஏறின, இறங்கின. முதல் ஒரு மணி நேரம் அண்ணாச்சி குஷியாகத்தான் இருந்தார். "இது பாருங்க, நம்ம லூர்து. அப்ப அவனுக்குக் கல்யாணம்கூட ஆகல. இந்த வள்ளத்தைத்தான் பிறகு வித்தான்." செத்தவர்கள் ஏறினார்கள், கரை வந்தார்கள், மறுபடி ஏறினார்கள். நான் கீழே போய் ஐஸ் மெஷினை நிறுத்திவிட்டு வந்தேன். புயல் நாளில் ஐஸ் யாருக்கு வேண்டும்?

பதினொன்றரைக்கு மேல் அண்ணாச்சி காலை ஆட்டிக்கொண்டிருந்தார்.

"வெத்தலை வாங்கிட்டு வாறேன்."

டீச்சர் தன் நாற்காலியை அவர் பக்கத்தில் நகர்த்திப் போட்டுக்கொண்டார். அண்ணாச்சி எழுந்திருக்கவில்லை.

அடுத்து என்ன வரும் என்று டீச்சருக்குத் தெரியும். வேலைக்கு வந்த புதிதில், அறையைப் பூட்டிக்கொண்டு, எல்லா வரியையும் இப்படியே ஓடவிட்டுப் பார்த்தவர் அவர். எங்கள் ஊரை அவர் அப்படித்தான் தெரிந்துகொண்டார். அண்ணாச்சியிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை.

திரையில் ஆறு வருஷத்துக்கு முந்திய ஜூன் மாதம் வந்தது. ஒரு பெயர் ஏறியது.

"தஸ்நேவிஸ் வள்ளம். பிராங்ளின். தனியாக. கடலில்."

அண்ணாச்சியின் ஒரே மகன். இருபத்து மூன்று வயது. போட்ட வலையை எடுத்துவிட்டு வருகிறேன் என்று போனவன்.

அஞ்சு மணி நேரத்துக்குப் பயந்து அவர் திங்கட்கிழமையிலிருந்து ஆரம்பிக்கவில்லை. இந்த ஒரு வரிக்குப் பயந்துதான். அதைப் பிறகு அவரே என்னிடம் ஒப்புக்கொண்டார்.

தேதி ஓடியது. மற்றப் பெயர்கள் ஏறி இறங்கின. பிராங்ளின் பெயர் அங்கேயே நின்றது. இரண்டாம் நாள், ஐந்தாம் நாள், பத்தாம் நாள்.

"இருக்கான்" என்றார் அண்ணாச்சி. திரையைப் பார்த்தே சொன்னார். "இன்னும் இருக்கான்."

பத்தொன்பது நாள் தேடினார்கள். மெஷின் அதை ஒன்றரை நிமிஷத்தில் படித்து முடித்தது. "தேடல் நிறுத்தம்" என்று ஒரு வரி வந்தது. பெயர் போய்விட்டது.

அண்ணாச்சி அழுதார். ஐம்பத்தேழு வயசு ஆள் குலுங்கிக் குலுங்கி அழுதால் பக்கத்தில் நிற்பவன் எங்கே பார்ப்பது? நான் ஜன்னலைப் பார்த்தேன். டீச்சர் தன் டீயை அவர் பக்கம் தள்ளி வைத்தார்.

திரை நிற்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அண்ணாச்சியே துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தார்.

"நிறுத்தின மறுநாளே நாப்பது வள்ளம் போயிருக்கு" என்றார். "எனக்குத் தெரியாது. நான் கதவைச் சாத்திட்டுக் கிடந்தேன்."

அதன் பிறகு அவர் கண்ணை எடுக்கவே இல்லை. சாப்பிடக் கூப்பிட்டேன், வரவில்லை. மழை வலுத்தது. போன வருஷம் வந்தது, இந்த வருஷம் வந்தது, இந்த வாரம் வந்தது. காலையில் வந்த முப்பத்தெட்டு வள்ளமும் ஒவ்வொன்றாக இறங்கின.

மணி இரண்டே முக்கால். தேதி நின்றது.

"கடலில்: 1."

மிக்கேல் பிச்சை. கொம்புப் பாறை. போய் நாற்பத்திரண்டு நாள். புதுக் கட்டத்தில்: வயர்லெஸ் பழுது, ஆகஸ்டில் சரிபார்க்கக் கொடுத்தது, திரும்ப வாங்கவில்லை.

மிக்கேல் சிங்கி இறால் பிடிக்கிறவர். சீசனுக்குச் சீசன் அரிசி மூட்டையோடு, கடல் நடுவில் நிற்கும் கொம்புப் பாறைக்குப் போவார், மாதக்கணக்கில் அங்கேயே கிடப்பார். அந்த வழியாகப் போகிற வள்ளக்காரர்கள் தண்ணீர் கொடுப்பார்கள், இறாலை வாங்கி வருவார்கள். இன்றைக்குப் புயல் என்று ஓடி வந்த அவனவன், மிக்கேலுக்கு இன்னொருத்தன் சொல்லியிருப்பான் என்று நினைத்துக்கொண்டான். மனைவி, மக்கள் இருந்தால் இந்நேரம் சங்கத்து வாசலில் நின்று கத்தியிருப்பார்கள். மிக்கேலைக் கேட்டு வர ஆள் கிடையாது.

அண்ணாச்சி நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"என் வீட்டுக்குப் பின்னால ரெண்டாவது வீடு டீச்சர். பூட்டிக் கிடக்குறதைத் தெனமும் பாத்துட்டுத்தான் போறேன். என்னை மாதிரி ஒருத்தன். அவனை நானே மறந்துட்டேனே!"

டீச்சர் ஒலிபெருக்கி வயரைத் திரும்பச் சொருகி, கொம்புப் பாறையில் ஆள் இருப்பதைப் பாலத்துக்கு அறிவித்தார்.

மூன்று மணிக்குப் பெரிய இன்ஜின் படகில் இரண்டு பேர் கிளம்பினார்கள். அண்ணாச்சி பாலத்து முனையில் நின்றார். மழை அடித்தது, காற்று குடை பிடிக்க விடவில்லை. நான்கரை ஆயிற்று. ஐந்து ஆயிற்று. அலை பாலத்தின் மேல் ஏறி விழுந்தது. "வீட்டுக்குப் போங்க அண்ணாச்சி" என்று நான் சொன்னதற்கு அவர் என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியாது.

ஐந்தரைக்குப் படகு வந்தது. மிக்கேல் உயிரோடு இருந்தார். அவருடைய வள்ளம் பாறையில் மோதி உடைந்துவிட்டதாம். பாறை உச்சியில் அரிசி மூட்டையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார். பாலத்தில் ஏறியதும் நடுங்கிக்கொண்டே கேட்டார்.

"யாருலே என்னைத் தேடுனது?"

அண்ணாச்சி பாலத்துச் சிறு அறைக்குள் கம்ப்யூட்டர் முன்னால் நின்றுகொண்டிருந்தார். மிக்கேல் பெயரைத் தட்டியிருந்தார். அடுத்து "வந்தது" என்று ஒரு வார்த்தை தட்ட வேண்டும். விரல் அந்த இடத்தில் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு தட்டினார்.

"நான்தாம்லே" என்றார். "முதல்ல உன்னை விட்டதும் நான்தான்."

மிக்கேலை அண்ணாச்சி தன் வீட்டுக்கே கூட்டிப்போனார். புயல் இரவோடு கரையைக் கடந்தது. ஆனால் புயல் கூண்டு இறங்கவில்லை, வெள்ளியும் சனியும் ஒரு வள்ளமும் கடலுக்குப் போகவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் அண்ணாச்சி மாடி ஏறினார். நான் டீச்சருக்கு டீ கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு அங்கே நின்றுகொண்டிருந்தேன். அண்ணாச்சி உட்காரவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"டீச்சர். அந்த ஒன்றரை நிமிஷம். பிராங்ளின் பேரு பலகையில நின்னுச்சே. அதை மட்டும் மறுபடி ஓட்டிப் பாக்கலாமா?"

டீச்சர் எழுந்து ஒலிபெருக்கி வயரைப் பிடுங்கினார். திரைக்கு எதிரே நாற்காலியைப் போட்டார்.

"முதல் நாள் ஒரு கேள்வி கேட்டீங்களே, அதுக்குப் பதில் இதுதான். எத்தனை தடவை வேணும்னாலும் பாருங்க அண்ணாச்சி. ஆனா முதல் வரியிலருந்து ஆரம்பிங்க. மிக்கேல் அண்ணாச்சி கரைக்கு வர்ற வரைக்கும் எந்திரிக்காதீங்க."