பஸ் ஸ்டாண்டில் நின்ற ஜோடி

பத்தாம் வகுப்புப் பரீட்சையில் பள்ளியிலேயே முதல் மார்க் செண்பகவல்லி. ஒரே ஒரு மார்க் குறைந்து நம்பிராஜன் இரண்டாவது. பதினொன்றாம் வகுப்புக்கு வந்தபிறகு இவர்கள் ஜென்ம விரோதிகள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

ஒருநாள் பள்ளித் தாளாளர் இருவரையும் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கத்தினார்.

"பஸ் ஸ்டாண்டுல நீங்க ரெண்டு பேரும் ஒட்டிக்கிட்டு நிக்கிறதை ஊரே பார்த்திருக்கு! இல்லேன்னு நிரூபிங்க. முடியலேன்னா ரெண்டு பேருக்கும் டி.சி.தான்!"

செண்பகவல்லி பணிவாகச் சொன்னாள்.

"நிக்கிறது நிஜம்தான் சார். வெயில் மழை பார்க்காம நிக்கிறோம். ஆனா எங்க பின்னாடியே நீங்களும் நிக்கிறீங்களே சார், பெருசா, கும்பிட்டுக்கிட்டு!"

ரிசல்ட் வந்த அன்றைக்குத் தாளாளரே இருவர் படத்தோடு தன் படத்தையும் போட்டு, ஆள் விட்டு பஸ் ஸ்டாண்டில் கட்டிய பிளக்ஸ் பேனர் அது.

"சரி சரி, கிளாஸுக்குப் போங்க" என்று ஃபேனைக் கூட்டி வைத்தார்.

வெளியே வந்ததும் நம்பிராஜனுக்கு மூச்சு வந்தது. "பேசாம பிளஸ் டூல நான் மார்க்கைக் குறைச்சுக்கட்டுமா? இந்த வம்பே வராது."

"குறைச்சுத்தான் பாரேன்" என்றாள் செண்பகவல்லி. "அப்புறம் பேனர்ல என் பக்கத்துல வேற எவனாவது நிப்பான்."