மாஸ்டரின் ராத்திரிச் சாப்பாடு

“மாவைத் தொட்டாலும் மனுஷன் போயிருவாரு. தொடாட்டியும் போயிருவாரு.”

டீக்கடைத் தட்டிக்கு அந்தப் பக்கம் யாரோ சொன்னார்கள். கூட இருந்தவர் சிரிக்கவில்லை. “ஆமா” என்று மட்டும் சொன்னார்.

இந்தப் பக்கம் நின்று தீப்பெட்டி வாங்கிக்கொண்டிருந்தார் தளவாய். யாரைப் பற்றிய பேச்சு என்று அவர் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. தீப்பெட்டியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நடந்தார்.

முப்பது வருஷம் அந்த ஊரில் அவர்தான் பரோட்டா மாஸ்டர். சாயங்காலம் ஆனால் பஜார் முனைக் கடையில் கல்லடியில் நிற்பார். ஊரே அவரைச் சுற்றி நிற்கும்.

மூன்று மாதத்துக்கு முன்னால் டாக்டர் சொல்லிவிட்டார். கோதுமை அவர் உடம்புக்குச் சேராது. மைதா, ரவை, சேமியா எதுவும் ஆகாது. மாவுத் தூசு பறக்கிற இடத்தில் நிற்கவே கூடாது. குடல் அரித்துப் போயிருக்கிறது. இன்னொரு தடவை இப்படி வந்து படுத்தால் எழுப்பிவிடுவேன் என்று வாக்குக் கொடுக்க முடியாது.

“அப்ப ராத்திரிக்கு என்னத்தச் சாப்பிட?”

“வீட்டுல எதையாவது லேசாச் சமைச்சுச் சாப்பிடுங்க.”

வீட்டில் அடுப்பு இருந்தது. சமைக்க ஆள் இல்லை. மனைவி இறந்து நாலு வருஷம். இருபத்தாறு வருஷக் குடித்தனத்தில் அவளும் அவரும் ஒரு ராத்திரிகூடச் சேர்ந்து சாப்பிட்டதில்லை. ராத்திரி என்பது அவர் ஊருக்குப் பரோட்டா போட்டுக்கொண்டிருந்த நேரம்.

மத்தியானம் மெஸ்ஸில் சோறு கிடைத்துவிடும். ராத்திரிதான் வம்பு. ராத்திரியானால் ஊரில் பரோட்டா, இல்லாவிட்டால் சப்பாத்தி. ஊரை அப்படிப் பழக்கியதில் அவருக்கும் பங்கு உண்டு.

கோதுமை சேராத ஆள் அந்த ஊரில் அவருக்குத் தெரிந்து இன்னும் ஒருத்திதான் இருந்தாள். எதிர்த் தெரு மைமூன். முப்பத்தொரு வயது. அண்ணன் வீட்டில் இருந்து ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தாள்.

ஏழு வயதிலேயே அவளுக்கு அந்த வியாதியைக் கண்டுபிடித்துவிட்டார்கள். அவள் வாப்பா கடைக்கு வந்தால் ஒரே மாதிரிதான் சொல்வார். “பத்து பரோட்டா மாஸ்டர். மைமூனுக்கு வேண்டாம்.”

“பரோட்டா திங்காத பிள்ளைய இந்த ஊர்ல எவன் பாய் கட்டுவான்?” என்று தளவாய் மாவை வீசிக்கொண்டே கேட்பார். கடையே சிரிக்கும். வாப்பாவும் சிரிப்பார்.

வேடிக்கையாகத்தான் கேட்டார். ஒருவரும் கட்டவில்லை.

மைமூன் உட்கார்ந்து தைக்கிற ஜன்னலுக்கு வெளியே போய் நின்றார் தளவாய்.

“தாயி, ராத்திரிக்கு என்ன சமைக்கணும்னு எனக்குச் சொல்லிக் குடு.”

மைமூன் வாயில் கவ்வியிருந்த குண்டூசியை எடுத்தாள்.

“மாஸ்டருக்கா?”

“மாஸ்டர்லாம் கடையில. வீட்டுல எனக்குச் சுடுதண்ணி வைக்கத் தெரியாது.”

“இப்பப் பசிக்கா?”

“இல்ல.”

“பசிச்சதும் வாங்க.”

மிஷின் ஓட ஆரம்பித்துவிட்டது.

மறுநாள் வந்தார்.

“பசிக்கி.”

“ஒரு கை அரிசி. அரைக் கை பாசிப்பருப்பு. ரெண்டு கை கீரை. பூண்டு, சீரகம், உப்பு. எல்லாம் ஒரே சட்டி. வெந்ததும் இறக்கிருங்க.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்.”

“காச்சக்காரன் சாப்பாடுல்லா இது?”

“நீங்க யாரு?” என்றாள் மைமூன்.

மூன்றாம் நாள் ஒரு பெரிய அலுமினியப் பானையைத் தூக்கிக்கொண்டு வந்தார். விளிம்புவரை கீரையும் அரிசியும் குழைந்து கிடந்தன. மைமூனின் மதினி ஜுலேகா வாசலுக்கு ஓடி வந்தாள்.

“என்ன மாஸ்டர், தர்காவுல கந்தூரிச் சோறா?”

“கை அப்படித்தான் அள்ளுது. நான் என்ன செய்ய?”

பானை ஜுலேகாவின் ஆடுகளுக்குப் போயிற்று. மைமூன் உள்ளே போய் ஒரு கண்ணாடி டீ கிளாஸைக் கொண்டுவந்து ஜன்னல் விளிம்பில் வைத்தாள். முக்கால் அளவில் விரலை வைத்துக் காட்டினாள். “அரிசியும் பருப்பும் சேத்து இவ்வளவுதான்” என்றாள்.

அதற்கப்புறம் பழகிவிட்டது. ஆட்களும் மாவும் இல்லாத சாயங்காலங்களில் அவர் ஜன்னலுக்கு வந்து நிற்பார். மைமூன் ஒரே மூச்சில் ஒன்று சொல்லுவாள். குதிரைவாலியில் தக்காளிச் சோறு. முருங்கைக்கீரை கிள்ளிப்போட்ட கேழ்வரகு அடை. சோளமாவைக் கரைத்து ஊற்றுகிற தோசை, அதற்குப் பொரிகடலைச் சட்னி. எல்லாமே அரை மணி நேரத்துக்குள். மாவு பிசைந்து ஊறவைத்து, எண்ணெய் தடவி, மறுபடியும் ஊறவைத்து வாழ்ந்த மனுஷனுக்கு அரை மணி நேரம் என்பது அவமானமாக இருந்தது. மீதிச் சாயங்காலத்தை என்ன செய்வது என்று அவள் சொல்லித்தரவில்லை.

ஒரு நாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

“நீ சொன்னதுதான் சமைக்கேன். வலி விடல.”

“ரசம் வச்சீயளா?”

“வச்சேன்.”

“பெருங்காயம்?”

தளவாய் தலையில் அடித்துக்கொண்டார். தூள் பெருங்காயத்தில் மைதா கலப்பார்கள் என்று அவருக்குத் தெரியாதா? முப்பது வருஷம் டப்பா டப்பாவாக வாங்கியவர். தன் வயிற்றுக்கும் அதற்கும் தொடர்பு உண்டு என்றுதான் தோன்றவில்லை.

டப்பாவைத் தூக்கிப் போட்டார். வலி நின்றது.

பத்தே நாள்தான். மறுபடியும் வந்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகம் வெளுத்திருந்தது.

“பெருங்காயம் போச்சு. இப்ப எது மாஸ்டர்?” என்று கேட்டாள் மைமூன்.

தளவாய் பஜார் பக்கம் பார்த்தார்.

அவள் துணியைத் திருப்பிப்போட்டுத் தைத்தாள். ஜாக்கெட்டில் ஒரு கை முடிந்தது. இன்னொரு கையை எடுத்தாள்.

“ஏழு மணிக்குச் சத்தம் கேக்கும்” என்றார் தளவாய்.

“என்ன சத்தம்?”

“கொத்துப் பரோட்டா கொத்துத சத்தம். புதுசா வந்திருக்கவனுக்குத் தாளமே வரல, தாயி. கேட்டுக்கிட்டு வீட்டுக்குள்ள இருக்க முடியல. சட்டியில கீரை வெந்துக்கிட்டுதான் இருந்துச்சு. காலு போயிட்டு.”

“எத்தனை தின்னீய?”

“ஒண்ணு. சால்னா ஊத்தி.”

“ருசியா இருந்துச்சா?”

“இல்ல.”

“பின்ன எதுக்கு?”

“எல்லாரும் இருந்தாங்க.”

மைமூன் மிஷினை மிதிக்கவில்லை.

“டாக்டர் சொன்னது ஞாபகம் இருக்கா?”

“இருக்கு. அடுத்த தடவை எந்திரிக்க மாட்டேன்.”

“ஞாபகம் இருந்துமா?”

“ஒத்தையில ஒக்காந்து கீரைய முழுங்குதது ஒனக்குத் தெரியாது, தாயி” என்று சொல்லிவிட்டு, சொன்னது யாரிடம் என்று உறைத்ததும் தளவாய் நிறுத்தினார்.



“நீ எப்படி இருந்த?” என்று கேட்டார். “இருபத்திநாலு வருஷம் அந்தச் சத்தம் ஒங்க வீட்டுக்கும் கேட்டிருக்குமே. நான் போட்ட சத்தம்லா.”

“பார்சல் வந்ததும் நான் பின்கட்டுக்குப் போயிருவேன்.”

“மணம் தாங்காமயா?”

“நான் பக்கத்துல இருந்தா வாப்பாவுக்கு ரெண்டாவது பரோட்டா இறங்காது.”

தளவாய் கம்பியை விட்டுவிட்டுக் கைகளைத் தொங்கப் போட்டார்.

“நாளைக்கு வாங்க மாஸ்டர்” என்றாள் மைமூன். “இன்னைக்கு நூல் தீந்துபோச்சு.”

மேஜையில் மூன்று நூல்கண்டுகள் முழுசாக இருந்தன.

மறுநாள் தளவாய் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை.

அவர் வீட்டைக் கழுவிக்கொண்டிருந்தார்.

மாவு எங்கெங்கே போய் உட்காரும் என்று அவருக்குத் தெரிந்த அளவுக்கு யாருக்கும் தெரியாது. அலமாரிப் பலகையின் அடியில் இருந்தது. கதவுக் கீல்களில் இருந்தது. சல்லடையின் கண்களில் பல் முளைத்த மாதிரி இறுகிக் கிடந்தது. மனைவி பண்டிகைக்குப் பூரி தேய்த்த பலகையைக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தார். பிறகு அதையும் வெளியே எடுத்து வைத்தார். கடைக்கு உடுத்திப்போன கைலிகள், துண்டுகள், எண்ணெய் குடித்த பனியன்கள் எல்லாம் போயின. மண்சட்டி இரண்டு வாங்கினார். கரண்டி வாங்கினார். சுவரின் பழைய சுண்ணாம்பைக் கொத்தி எடுத்துவிட்டுப் புதுசாக அடித்தார். நாலு நாள் ஆயிற்று. நாலு நாளும் ஏழு மணிக்குச் சத்தம் கேட்டது. அந்த நேரத்தில் அவர் கை ஈரமாக இருந்தது.

ஐந்தாம் நாள் ஜன்னலுக்குப் போனார்.

“நாளைக்கு ராத்திரி எங்க வீட்டுல சாப்பாடு.”

“யாருக்கு?”

“ஒனக்குத்தான். மதினியையும் கூட்டிக்கிட்டு வா.”

மைமூன் நிமிர்ந்து பார்த்தாள்.

“நான் வெளிய எங்கயும் சாப்பிட மாட்டேன் மாஸ்டர். அண்ணன் கல்யாணத்துலயே வெறுந்தண்ணிதான் குடிச்சேன்.”

“தெரியும்.”

“அதுவும் ஒங்க வீட்டுல.”

“அதுவும் தெரியும்.”

உள்ளேயிருந்து ஜுலேகாவின் குரல் வந்தது. “மாஸ்டர் வீட்டுச் சொவத்தச் சொரண்டுனாலே நாலு பரோட்டா போடலாமே!”

“சொரண்டிட்டேன் தாயி” என்றார் தளவாய். “வந்து பாருங்க.”

மறுநாள் இருட்டத் தொடங்கும்போது இரண்டு பேரும் வந்தார்கள். ஜுலேகா கூடத்துப் பாயில் உட்கார்ந்துவிட்டாள். மைமூன் நேராக அடுப்படிக்குப் போனாள்.

அலமாரிப் பலகையில் விரலை ஓட்டி விளக்கடியில் பிடித்துப் பார்த்தாள். அடிப்பக்கமும் ஓட்டிப் பார்த்தாள். கரண்டியை மோந்தாள். டப்பாக்களை ஒவ்வொன்றாகத் திறந்தாள்.

“மிளகுத்தூள்?”

“நானே இடிச்சேன்.”

“உரல்?”

“புதுசு.”

“தோசைக்கல்?”

“பழசை இரும்புக்கடையில போட்டுட்டேன். இது வேற.”

“கை?”

தளவாய் இரண்டு கைகளையும் நீட்டினார். திருப்பியும் காட்டினார். நகங்கள் சதை ஒட்ட வெட்டப்பட்டிருந்தன.

மைமூன் வெகுநேரம் அந்தக் கைகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கூடத்துக்குப் போய் மதினி பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அவர் இரண்டு தட்டு வைத்தார். சாமைச் சோறு, முருங்கைக்கீரை போட்ட பருப்பு, மிளகு தூவி வறுத்த வாழைக்காய். சட்டியை ஒரு கையிலும் கரண்டியை ஒரு கையிலும் வைத்துக்கொண்டு குனிந்து பரிமாறினார். கடையில் பரிமாறுகிற வேகம் வரவில்லை.

“சாப்பிடுங்க.”

ஜுலேகா பிசைந்து ஒரு வாய் வைத்தாள். “உப்பு சரியா இருக்கு மாஸ்டர். பெரிய ஆள்தான்” என்றாள். அடுத்த வாயைப் பிசைந்தாள்.

மைமூன் தட்டைத் தொடவில்லை.

பஜார் முனையிலிருந்து சத்தம் ஆரம்பித்தது. கல்லில் இரும்பு விழுகிற சத்தம். தளவாயின் தலை கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பியது.

“ஏன் தாயி, இன்னும் சந்தேகமா இருக்கா?”

அவள் இல்லை என்று தலையை ஆட்டினாள்.

“வாழைக்காய் வேண்டாமா?”

அதற்கும் தலையை ஆட்டினாள்.

“ஆறிப்போகும்.”

தட்டிலிருந்து ஆவி எழும்பிக்கொண்டிருந்தது. அவள் அவரையும் பார்க்கவில்லை. எதிரே இருந்த வெறுந்தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நான் பொறவு சாப்பிட்டுக்கிடுதேன்” என்றார் தளவாய். “எனக்கு நின்னுதான் பழக்கம்.”

ஜுலேகாகூடச் சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள்.

பஜாரில் சத்தம் ஓய்ந்து, அடுத்த ஆளுக்காக மறுபடியும் ஆரம்பித்தது.

தளவாய் சட்டியைக் கீழே வைத்தார். அடுப்படிக்குப் போய் ஒரு தட்டைக் கழுவி எடுத்துவந்தார். அவர்களுக்கு எதிரே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். முழங்கால் ஒத்துழைக்கவில்லை, கையை ஊன்றித்தான் உட்கார முடிந்தது. தனக்குச் சோறு போட்டுக்கொண்டார். பருப்பு ஊற்றிக்கொண்டார். பிசைந்தார்.

மைமூன் தாழ்ந்த குரலில் பிஸ்மி சொல்லி, முதல் வாயை எடுத்தாள்.