கஞ்சி குடிக்க வந்த உப்புச் சங்கம்

முன்னொரு காலத்தில், கடலோரத்து உவரிநாட்டைக் கொடைமாறன் என்ற ராஜா ஆண்டுவந்தார். நல்லவர்தான். ஆனால் புதிதாக எதைக் கேட்டாலும் அதிலேயே மயங்கிவிடுவார்.

அந்த நாட்டில் பிராது கொடுக்க ஒரு வண்டி நெல் கட்டணம். கதியற்றவர்களுக்கு மட்டும் அது கிடையாது. அரண்மனை முற்றத்தில் ஒரு கலயம் கஞ்சி குடித்துவிட்டு வழக்கைச் சொல்லலாம். பசியோடு நிற்பவருக்குப் பேச்சு எழும்பாதென்று ராஜாவின் பாட்டனார் வைத்த ஏற்பாடு அது.

அன்று உப்பு விளைவிக்கும் செம்பாயி என்ற ஏழைப் பெண் கஞ்சியைக் குடித்துவிட்டு வானத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு வருஷம் பாடுபட்டு எடுத்த உப்பு பாத்திக்கரையில் குவிந்து கிடந்தது. உப்பு வணிகர் சங்கம் கேட்ட அடிமாட்டு விலைக்கு அவள் கொடுக்கவில்லை. அந்தக் கோபத்தில் அவர்கள் வண்டிப்பாதையில் முள்வேலி போட்டுவிட்டார்கள். கிழக்கே மேகம் கறுத்து வந்தது. மழை விழுந்தால் அவள் உழைப்பு அத்தனையும் கரைந்துபோகும்.

அவளுக்கு முன்னால் நாற்பது பிராது காத்திருந்தது. நாற்பதும் சங்கத்துடையது, நாற்பதும் அவள்மேல். அவள் கழுதை கத்துகிறது என்று ஒன்று, அவள் குடிசை நிழல் பாதையில் விழுகிறது என்று இன்னொன்று. ஒன்றுக்குக்கூட நெல் கட்டவில்லை.

"சங்கமும் கதியற்றதுதான் மகாராஜா," என்றார் தர்க்கமணி. மந்திரி நல்லாத்தனைக் கண்டாலே வயிறெரிகிற அவைப்புலவர் அவர். "சங்கத்தின் பெயரில் வீடு உண்டா, வயல் உண்டா? கதியற்ற எவருக்கும் சலுகை என்பது சட்டம். வாங்கவும் விற்கவும் சங்கம் ஓர் ஆள் என்றால், ஏழையாக மட்டும் இருக்கக் கூடாதா?"

ராஜாவுக்கு ஒரே குஷி. "பலே, ஏழைச் சங்கம்! மந்திரி, இதற்கு என்ன சொல்கிறீர்?"

"சரிதான் அரசே. முறைப்படி கஞ்சி குடிக்கட்டும்," என்றார் நல்லாத்தன்.

கலயம் வந்தது. சங்கத் தலைவர் ஏகப்பர் தொந்தியைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்து அதை வாங்கினார். விரலெல்லாம் மோதிரம்.

"உமக்கா பசி?" என்று கேட்டார் மந்திரி.

"எனக்கெதற்கு? நெய்ப்பொங்கல் தின்றுவிட்டுத்தான் வந்தேன். சங்கத்துக்கு ஏது வாய்? அதற்காக நான் குடிக்கிறேன்." மடக் மடக்கென்று குடித்துக் கலயத்தைக் கவிழ்த்துக் காட்டினார்.

தர்க்கமணி மந்திரியைப் பார்த்து மீசையை நீவினார். செம்பாயி மறுபடியும் மேகத்தைப் பார்த்தாள். இன்னும் நாற்பது வழக்கா? அவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னே வந்துவிட்டாள்.

"சாமி, ஒரு சந்தேகம். இவுக குடிச்சா சங்கத்துக்குப் பசி தீந்துருமா?"

"தீரும், தீரும்," என்றார் தர்க்கமணி.

"அப்ப இவுக வாயிதான் சங்கத்து வாயி. வாயி சங்கத்தோடதுன்னா, இவுக வீட்டுக் குதிருல கெடக்குற நெல்லு மட்டும் எப்படிச் சாமி வேறாளு நெல்லாகும்?"

ராஜா ஏகப்பரின் மோதிரங்களைப் பார்த்தார், கவிழ்ந்த கலயத்தைப் பார்த்தார். பிறகு சிரித்தார் பாருங்கள், கிரீடம் நழுவி மடியில் விழுந்தது.

"கஞ்சிக்கு மட்டும் வாய் நீட்டுவாயோ?" என்று ஏகப்பரைக் கேட்டார்.

"அரசே, உறுப்பினர் அத்தனை பேரும் கஞ்சிக்கு வழியில்லாதவர்கள் என்றால் அந்தச் சங்கத்துக்கும் சலுகை கொடுக்கலாம்," என்றார் நல்லாத்தன். "இவர்களுக்கு இல்லை."

"நாற்பது வண்டி நெல் வரட்டும், அப்புறம் கழுதை வழக்கைக் கேட்கிறேன்," என்றார் ராஜா. "இப்போது இவள் வழக்கு."

ஏகப்பர் நாற்பதையும் அங்கேயே வாபஸ் வாங்கிக்கொண்டார். செம்பாயியின் வழக்கு நாலே வார்த்தையில் முடிந்தது. வேலியைப் பிடுங்க வேண்டும், சங்கத்து வண்டிகளே அவள் உப்பை அரண்மனைக் கிடங்கில் சேர்க்க வேண்டும், அவள் சொன்ன விலைக்கு அரண்மனையே வாங்கிக்கொள்ளும். தர்க்கமணிக்கு ஒரு மாதம் முற்றத்தில் கஞ்சி ஊற்றும் உத்தியோகம்.

வண்டிகள் பறந்தன. செம்பாயி கடைசி மூட்டையோடு கிடங்குக்குள் கால் வைக்கவும் மழை கொட்டவும் சரியாக இருந்தது.

மறுநாள் முற்றத்தில் தர்க்கமணி அகப்பையோடு நின்றார். செம்பாயி கஞ்சிப் பானையை எட்டிப் பார்த்தாள். பிறகு மடியிலிருந்து ஒரு கை உப்பை எடுத்து அதில் போட்டாள்.

"நேத்து உப்பே இல்ல சாமி," என்றாள்.