புளிய மரத்தடியில் புல் முளைக்காத கதை

அந்தக் காலத்தில் மரங்களுக்கும் வாய் இருந்தது. அணிலும் காடையும் ஒரே பேச்சுதான் பேசின. ஓடைக்கரை மேட்டில் இலந்தை, ஆவாரை, நாவல் என்று பல செடிகளுக்கு நடுவே ஒரு புளியங்கன்றும் இருந்தது. அது மற்றவற்றை முந்தி வளர்ந்து, காய்த்துத் தொங்கியது. மேட்டிலிருந்த உயிர்களெல்லாம் அதன் நிழலுக்கே குடிவந்தன.

ஒரு மாசி மாதம் புளியமரம் சொன்னது:

"என் வேரைச் சுற்றி இனி வேறு எதுவும் நிற்கக் கூடாது. நின்றால் ஒரு பழம்கூடக் கீழே விழாது, ஏறிப் பறிக்கவும் விடமாட்டேன்."

பயந்துபோய் எல்லாரும் செடிகளைப் பிடுங்கினார்கள். மிஞ்சியது ஓர் இலந்தைக் கன்று. அதன் தூரில் காடை முத்தக்காள் அடைகாத்துக்கொண்டிருந்தாள்.

அணில் வெள்ளைச்சி அவள் முன்னால் வந்து நின்றாள். கண் திறக்காத மூன்று குட்டிகளை விட்டுவிட்டு வந்திருந்தாள்.

"எழுந்திரு, மதினி."

"இன்னும் மூன்று நாளில் பொரித்துவிடும். நிழல் போனால் முட்டை வெந்துவிடுமே!"

"பழம் விழாவிட்டால் எனக்குப் பால் வற்றிவிடும். என் குட்டிகள்?"

"இந்த மரம் ஒரு வருசம் காய்க்காமல் போனால் எதைத் தின்பாய் மதினி?"

மேலேயிருந்து மைனாக்கள் கத்தின: "கடி, வெள்ளைச்சி! இவள் ஒருத்திக்காக நாங்கள் எல்லாரும் சாகவா?"

வெள்ளைச்சி கன்றின் தூரில் பல்லை வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டு கடித்தாள். கன்று சாய்ந்தது.

முத்தக்காள் முட்டைகளைவிட்டு எழவில்லை. வெயிலில் சிறகை விரித்தபடி மூன்று நாளும் உட்கார்ந்திருந்தாள். ஒரு முட்டைதான் பொரித்தது. அந்தக் குஞ்சோடு அக்கரைக்குப் போய்விட்டாள்.

பழங்கள் உதிர்ந்தன. அடுத்த வருசமும் உதிர்ந்தன. மூன்றாம் வருசம் மழை பொய்த்தது. மரத்தில் ஒரு பிஞ்சுகூட இல்லை.

"எனக்கே தண்ணீர் இல்லை, நான் என்ன செய்வேன்?" என்றது மரம்.

வெள்ளைச்சி ஓடையைத் தாண்டிப் போய் இலந்தைக் கொட்டைகள் பொறுக்கி வந்து ஊன்றினாள். முளைக்கவில்லை. மறுபடியும் ஊன்றினாள். உதிர்ந்த புளியிலை மூன்று வருசமாக மக்கி, மண்ணே புளித்துக் கிடந்தது.

வளர்ந்துவிட்ட குட்டிகள் வந்து நின்றன.

"அக்கரையில் பல மரம் இருக்கிறதாம், அம்மா. நீயும் வா."

"நீங்கள் போங்கள். இன்னும் ஒரு கொட்டை ஊன்றிப் பார்க்கிறேன்" என்றாள். அவர்கள் போவதைப் பார்க்காமல் மண்ணைச் சுரண்டினாள்.

புளிய மரத்தடியில் புல்கூடத் தலைகாட்டாமல் போனது அன்றிலிருந்துதான். ஒன்றையே நம்பி மற்றதையெல்லாம் பிடுங்கி எறிந்த ஊர்களில், பிள்ளைகள் வளர்ந்ததும் அக்கரை பார்த்துக் கிளம்பிவிடுவதும் அன்றிலிருந்துதான்.