கற்பூரம் அடித்த கை

தீர்ப்புச் சொல்லப் பிரியப்படுகிறவர்களுக்காகவே இந்தக் கதை. நம்மில் அப்படிப்பட்டவர்களுக்குப் பஞ்சமா என்ன? ஒரே நிபந்தனை, கடைசி வரை கேட்டுவிட்டுச் சொல்ல வேண்டும்.

சிங்காநல்லூரில் சென்னியப்பன் என்று ஒருவர். மில்லில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒன்பது வருடங்களுக்கு முன் அவருடைய தாயார், அண்ணன் வீட்டில் பல மாதம் படுக்கையில் கிடந்து இறந்தாள். உடம்பைக் குளிப்பாட்டத் தூக்கியபோதுதான் பார்த்தார்: இரண்டு மணிக்கட்டிலும் கறுத்த தழும்பு. கட்டிலோடு கட்டி வைத்திருந்திருக்கிறார்கள்.

அண்ணனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. காரியம் முடிந்ததும் மனைவி தெய்வானையைக் குலதெய்வக் கோயிலுக்கு அழைத்துப் போனார். கல்லின் மேல் கற்பூரத்தைக் கொளுத்தி, "அடிச்சுச் சொல்லு" என்றார். எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்து அவள் சொன்னாள்: "என்ன ஆனாலுஞ் செரி, உங்க கையெக் கட்ட மாட்டனுங்க."

மகனையும் மகளையும் அவர் கூட்டிப் போகவில்லை. பெண்டாட்டி சத்தியம் செய்தால் போதும் என்று நினைத்துவிட்டார். யார்தான் அப்படி நினைக்கவில்லை?

போன வருடம் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் போயிற்று, பேச்சு போயிற்று, விழுங்கவும் முடியவில்லை. புத்தி மட்டும் தெளிவாக இருந்தது. மூக்கு வழியாகக் குழாய் போட்டு, வடிகட்டிய கஞ்சியை அதில் ஊற்றச் சொன்னார்கள். நன்றாக இருந்த இடது கை அந்தக் குழாயைப் பிடுங்குவதையே வேலையாக வைத்துக்கொண்டது. ஒரே மாதத்தில் மூன்று முறை. ஒவ்வொரு முறையும் ரத்தம், ஆஸ்பத்திரி, மறுபடி குழாய். கைக்குத் துணியுறை மாட்டினால் பல்லால் கடித்து உருவினார்.

"எல்லா வீட்லயும் கட்டித்தானுங்க வெக்கறாங்க" என்றாள் ஆஸ்பத்திரி நர்ஸ். "கஞ்சி போறப்பப் புடுங்கினா நுரையீரலுக்குள்ள போயிரும். அப்பறம் ஆளு தப்பறது கஷ்டமுங்க."

தெய்வானை கட்டவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். ஏழு வாரம். ஒரு கையால் சாப்பிட்டாள். குளியலறைக்கு ஓட்டமாகப் போய் ஓட்டமாக வந்தாள். தனக்குச் சர்க்கரை இருப்பதையும் மாத்திரை இருப்பதையும் மறந்தாள். வேலைக்கு வைத்த பெண் ஒன்பதாம் நாளே நின்றுவிட்டாள். மருமகள் பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்தாள். மகன் தனபால் மாடியறையில் கம்ப்யூட்டர் முன்னால். சொந்தக்காரர்கள் போன் செய்து, "நீ தெய்வம்மா" என்றார்கள். தெய்வம் என்று சொல்லிவிட்டால் யாரும் வந்து உதவ வேண்டியதில்லை, பாருங்கள்.

ஒரு மத்தியானம் அவள் மயங்கிக் குளியலறை வாசற்படியில் விழுந்தாள். புருவம் கிழிந்தது. தனபால் இறங்கி வந்து பார்த்தால், கீழே அம்மா முகத்தில் ரத்தம். கட்டிலில் அப்பா மூக்கில் ரத்தம், கையில் குழாய். இருவரையும் ஒரே காரில் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போய்த் திரும்பக் கொண்டுவந்தான். வந்ததும் பழைய துண்டு ஒன்றைக் கிழித்து, அப்பாவின் கையைக் கட்டில் கம்பியோடு கட்டினான்.

"வேண்டாஞ் சாமி, நான் கற்பூரம் அடிச்சிருக்கறேன்."

"சத்தியம் பண்ணுனது நீங்க. நான் பண்ணலீங்களே!"

தெய்வானை பாயை விரித்தாள்; ஏழு மணி நேரம் தூங்கினாள்.

அந்த வாரம் புதன்கிழமை பொள்ளாச்சியிலிருந்து மகள் பூங்கொடி வந்தாள், மூக்கில் குழாய் வைத்த மனுஷனுக்கு ஒரு பை ஆப்பிளோடு. கட்டைப் பார்த்ததும் பொங்கிவிட்டாள்.

"அப்பாவ மாடு மாதிரி கட்டிப் போட்டிருக்கறீங்களே! கற்பூரம் அடிச்சது மறந்து போச்சுங்களாம்மா?"

"மறக்குல கண்ணு. நீ ஒரு பத்து நாள் இரு. மாத்தி மாத்திப் புடிச்சுக்கலாம்."

"பசங்களுக்குப் பரீட்சைங்கம்மா."

கட்டை அவிழ்த்தாள், அந்தக் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதாள், நாலு மணி பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

ஆறு மணிவரை தெய்வானை பிடித்திருந்தாள். கண் செருகியது. அவர் கை நழுவி மூக்கருகே போயிருந்தது, பதறி இழுத்தாள். மாடியைப் பார்த்துக் கூப்பிட்டாள்: "சித்த நேரம் வந்து புடிச்சுக்க, சாமி!"

"மீட்டிங்ல இருக்கறனுங்கம்மா. கட்டிருங்க!"

தெய்வானை துண்டை எடுத்தாள். இரண்டு விரல் நுழையும் அளவுக்கு இடம் விட்டு, தன் கையாலேயே கட்டினாள். சென்னியப்பன் அவளைப் பார்த்தார். அவருக்குப் புரிந்தது. தலையைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அதன்பின் மணிக்கொரு தரம் அவள் அவிழ்த்து, மணிக்கட்டில் எண்ணெய் தடவி, கொஞ்ச நேரம் பிடித்திருந்து, மறுபடி கட்டினாள். அவர் அவள் பக்கம் திரும்பவே இல்லை. அவள் கட்டிய பத்தொன்பதாம் நாள் இறந்தார்.

மகன் கட்டினான், மகள் அவிழ்த்தாள், மனைவி மறுபடி கட்டினாள். இந்த மூவரில் யார் செய்தது சரி?

விடை: தெய்வானை செய்ததுதான். அவள் சத்தியத்தை உடைக்கவில்லை என்று யாரும் மழுப்ப வேண்டாம், உடைத்தாள். மகன் சத்தியம் தன்னுடையதல்ல என்றான்; அப்பன் அவனுடையவர்தானே? தினமும் மூன்று மணி நேரம் அவன் பிடித்திருந்தால் கட்டே தேவைப்பட்டிருக்காது. மகள் சத்தியத்தைக் காப்பாற்றிவிட்டு, காவலை அம்மா தலையில் போட்டுப் போனாள். தான் செய்ததை விட்டு ஓடாமல் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவள் தெய்வானை ஒருத்திதான். ஆனால் தெய்வானை இந்த விடையை ஒப்புக்கொள்வதில்லை. "நான் செஞ்சது செரின்னா, அவரு எதுக்குங்க சுவத்தையே பாத்துட்டுக் கெடந்தாரு?" என்கிறாள். அதற்கு விடை சொல்ல வேண்டியவர் இப்போது இல்லை.