வாசலில் நின்ற கழுதை

வெகு வெகு காலத்துக்கு முன்னால், மழை பிடித்தால் ஆறு தெருவுக்கே வந்துவிடும் ஒரு நாடு இருந்தது. மழைக்காலத்தில் அங்கே யாருக்கும் வேலை கிடையாது. யானையைக் குளிப்பாட்ட வேண்டாம், வானமே குளிப்பாட்டிவிடும். உப்பு கரையும். தறியில் நூல் ஒட்டும். அதனால் மக்கள் வீட்டுக்குள் உட்கார்ந்து வேடக்கதை ஆடினார்கள்.

வேடக்கதையில் ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு வேடம் எடுத்துக்கொண்டு அந்தக் கதைக்குள் போவார்கள். "இப்போ என்ன செய்யறீங்க?" என்று நடத்துபவர் கேட்பார். அவர்கள் சொல்வார்கள். சொன்னது பலிக்குமா என்று சோழி உருட்டிப் பார்ப்பார்கள். ஒரு மழைக்கு ஒரு கதை.

அந்த மழைக்குக் கதை நடத்தும் முறை நன்முல்லைக்கு வந்தது. அவள் கோட்டைக்குச் சுண்ணாம்பு அரைப்பவள். இதற்கு முன் கதை நடத்தியதில்லை. யானைப்பாகன் ஓரி, உப்பு விற்கும் பூதன், நெசவுக்காரி வெள்ளி, இந்த மூவரையும் விட்டால் ஊரில் அவளுக்கு யாரும் இல்லை. கதை சலித்தால் மூவரும் அடுத்த தெரு ஆட்டத்துக்குப் போய்விடுவார்கள். மழை முழுக்க அவள் தனியாக இருக்க வேண்டும். மழை விட்ட பிறகும் அப்படித்தானோ என்று அவளுக்குத் தோன்றியது.

சுண்ணாம்பும் மணலும் குழைத்து ஒரு சின்ன அரண்மனை கட்டினாள். உள்ளே ஓர் அரசி கல்லாய் நிற்கிறாள். நண்பர்கள் போய் அவளை மீட்க வேண்டும். கதை அதுதான்.

ஓரி சுவரை இடித்தால்? சுவருக்குப் பின்னால் இன்னொரு சுவர் கட்டினாள். பூதன் காவலாளியிடம் பேச்சுக் கொடுத்தால்? காவலாளிக்குப் பெயர் வைத்தாள், அவன் மாமியாருக்கும் வைத்தாள். வெள்ளி தரையைத் தட்டிப் பார்த்தால்? தரைக்கு அடியில் ஒரு நிலவறை தோண்டினாள். கஞ்சி ஆறியது. சூடு பண்ணினாள். மறுபடியும் ஆறியது. எதைச் செய்து முடித்தாலும், செய்யாத ஒன்று நினைவுக்கு வந்தது.

ஆட்டம் தொடங்கும் நாள் காலையில் ஒருவர் வாசலில் வந்து நின்றார். மழையில் வந்தவர், ஆனால் நனையவில்லை. தோளில் ஒரு காலிப் பை.

"சுண்ணாம்பு வேணுமா ஐயா?"

"வேண்டாம்மா. இந்த வீட்டுல யாரோ பயப்படற வாசனை வந்துச்சு. அதான் நின்னேன்."

அவர் ஒரு சிவப்பு நூலை நீட்டினார். "நீ தயார் பண்ணின ஒவ்வொண்ணுக்கும் ஒரு முடிச்சுப் போடு. இதைச் சுத்தி உட்கார்றவங்க முடிச்சு இருக்கிற வழியிலதான் போவாங்க."

"விலை?"

"அவங்க சொல்லாம விடற பேச்சை நான் எடுத்துக்கறேன். உனக்கு வேண்டாத பேச்சுதானே?"

வேண்டாத பேச்சுதான் என்று அவளுக்கும் பட்டது. விரல் சிவக்கச் சிவக்க முடிச்சுப் போட்டாள். வந்தவர் ஒரு மந்திரவாதி. அவர் மூலையில் உட்கார்ந்து பையைத் திறந்து வைத்துக்கொண்டார்.

மதியம் மூவரும் வந்தார்கள்.

"என்ன முல்லை, உன் அரசியைத் தோள்ல போட்டுக்கிட்டு ஓடிடட்டுமா? கதை முடிஞ்சா சாப்பிடலாம்" என்றான் ஓரி.

"முதல்ல இவனுக்குச் சோத்தைப் போடு. இல்லேன்னா அரண்மனையைக் கடிச்சிடுவான்" என்றாள் வெள்ளி.

சிரித்துக்கொண்டே, நடுவில் கிடந்த நூலைச் சுற்றி உட்கார்ந்தார்கள். சிரிப்பு அங்கேயே நின்றது.

"அரண்மனை வாசல்ல நிக்கறீங்க," நன்முல்லை தொடங்கினாள். "பெரிய கதவு. பக்கத்துல ஒரு காவலாளி. ஒரு கழுதை கட்டியிருக்கு. இப்போ என்ன செய்யறீங்க?"

"கதவைத் தட்டுகிறேன்" என்றான் ஓரி.

"காவலாளியை வணங்குகிறேன்" என்றான் பூதன்.

"உள்ளே செல்கிறேன்" என்றாள் வெள்ளி.

அப்பாடா என்றிருந்தது அவளுக்கு. கட்டிய சுவர் வீணாகவில்லை, தோண்டிய நிலவறை வீணாகவில்லை. சோழிகள் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி விழுந்தன.

"இப்போ என்ன செய்யறீங்க?"

"நீ நினைத்ததைச் செய்கிறோம்" என்றார்கள் மூவரும். யாரும் கண் இமைக்கவில்லை.

மூலையில் பை உப்பியிருந்தது. உள்ளே ஏதோ முணுமுணுத்தது. மந்திரவாதி சிரித்தார். அது ஓரியின் சிரிப்பு.

"ஐயா, போதும். நிறுத்திடுங்க."

"அரசி கண்ணைத் திறந்தா கதை முடியும், பையைக் கட்டிடுவேன். அப்புறம் இவங்க இப்படியேதான். உன்னை விட்டு எங்கேயும் போக மாட்டாங்க. அதுக்குத்தானே பயந்தே?"

அவள் முடிச்சுகளை நகத்தால் நெருடினாள். அசையவில்லை. பல்லால் கடித்தாள். அசையவில்லை. அரிவாள்மனையில் வைத்து அறுத்தாள், அரிவாள்தான் மழுங்கியது. இதற்குள் மூவரும் கதைக்குள் அரசியின் அறை வாசலுக்கு வந்து, அடுத்த சொல்லுக்காக அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

முடிச்சுப் போடாதது ஏதாவது உண்டா? காவலாளிக்குப் போட்டாள். மாமியாருக்கும் போட்டாள். நிலவறைக்கு ரெட்டை முடிச்சு. அப்போதுதான் நினைவு வந்தது. கழுதை. வாசலைச் சொல்லும்போது சும்மா வாய்க்கு வந்தது. அதற்கு முடிச்சும் இல்லை, பெயரும் இல்லை.

"அரசி இருக்கட்டும்" என்றாள். "பூதா, வாசல்ல நிக்குதே கழுதை, அது பேரென்ன?"

"நீ நினைத்த..."

"நான் ஒண்ணும் நினைக்கலை. எனக்குத் தெரியாது."

எதைச் சொல்ல நேர்ந்துவிடுமோ என்று பயந்து அத்தனையும் கட்டினாளோ, அதையே சொல்லிவிட்டாள். பூதனின் உதடு மெதுவாக அசைந்தது.

"மாப்பிள்ளை," என்றான். "வேலை செய்யாது. மரியாதை மட்டும் கேக்கும்."

ஒரு முடிச்சு அவிழ்ந்தது.

"ஓரி, அதை எதுக்குக் கட்டிப் போட்டிருக்காங்க? எனக்குத் தெரியாது."

"அந்தக் காவலாளியை உதைச்சிருக்கும். அவன் மூஞ்சியைப் பார்த்தா எனக்கே உதைக்கத் தோணுது."

முடிச்சுகள் மளமளவென்று அவிழ்ந்தன. மந்திரவாதி எழுந்து பையின் வாயைப் பிடித்து இறுக்கினார்.

"வெள்ளி, அது ஏன் நம்மளையே பார்க்குது? எனக்குத் தெரியாது."

வெள்ளி கண்ணைச் சுருக்கினாள். "எனக்கு அப்பவே சந்தேகம். உள்ளே நிக்கறது வெறும் கல்லு. அரசி இந்தக் கழுதைதான்."

"அடிப்பாவி!" என்றான் பூதன். "அரசிக்கா நான் மாப்பிள்ளைன்னு பேரு வெச்சேன்?"

பை வெடித்தது. சொல்லாமல் போன பேச்செல்லாம் வீடு முழுக்கக் கொட்டியது. கேலி, சண்டை, ஓரியின் பசி, வெள்ளியின் சந்தேகங்கள். மந்திரவாதி ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அவருக்கென்று ஒரு சொல்லும் இல்லை. வெளியே போனவரை மழை நன்றாக நனைத்தது.

அந்த மழை முழுக்க அவர்கள் கதைக்குள் கழுதையோடு ஊர் ஊராகப் போனார்கள். அரசி கடைசியில் மனுஷியானாள், ஆனால் மாப்பிள்ளை என்று கூப்பிட்டால்தான் திரும்பினாள். அரண்மனைக்குள் யாரும் மறுபடி போகவில்லை. பூனை ஒன்று அதில் குட்டி போட்டது. நன்முல்லைக்குப் பயம் போய்விடவில்லை. ஒவ்வொரு நாளும் அவர்கள் வரும் நேரத்துக்கு வாசலை எட்டி எட்டிப் பார்க்கத்தான் செய்தாள். ஆனால் கஞ்சியை ஆறுவதற்குள் குடித்துவிட்டாள்.

பிறகு மழை விட்டது. ஆறு தெருவை விட்டுப் போனது. அடுத்த தெரு ஆட்டக்காரர்கள் வேலைக்குக் கிளம்பினார்கள். இவள் வீட்டில் மட்டும் யாரும் கதையை விட்டு எழுந்திருக்கவில்லை.